மூன்று மணிக் கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்திருந்தோம். மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் வேப்பமர நிழல் விழுகிற பக்கமாகப் பாயை விரித்து உட்கார்ந்தோம். டீச்சருக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் அவருடைய வலது பக்கம் போய் உட்கார வேண்டும். வாசித்து முடித்ததும், "இன்னொரு தடவை" என்பார். காது நன்றாகக் கேட்ட காலத்திலும் அப்படித்தான் சொல்வார். எங்கள் கூட்டத்தில் எந்தக் கவிதையையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அதுதான் வழக்கம்.

கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண் ஒருத்தி, "நீங்க எப்படிக்கா கவிதை எழுத வந்தீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியான பதில் இல்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரிசல் கிராமம். மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஒன்றும் கிடையாது. அந்தக் காய்ச்சலான வெயில்தான் தீப்பெட்டித் தொழிலை எங்கள் பக்கம் கொண்டுவந்தது. குச்சியும் பெட்டியும் நன்றாகக் காய வேண்டும், மருந்து ஈரம் பிடிக்கக் கூடாது. விவசாயத்துக்கு ஆகாத வானம் அதற்கு வசதியாக இருந்தது. தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், "தீப்பெட்டி ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள். எட்டு வயதில் நானும் ஆபீஸுக்குப் போனேன். இருட்டோடு ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அம்மா என்னைத் தூக்கத்திலேயே தூக்கி உட்காரவைத்து, "ஏளா, எந்திரி, பஸ் வந்துட்டு" என்பாள். அவளும் அதே பஸ்ஸில்தான் வருவாள்.

எங்களுக்குக் குச்சி அடுக்குகிற வேலை. பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய மரப்பட்டைகளில், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிச் சட்டத்தில் இறுக்கினால் ஒரு கட்டை முடிந்தது. அதை மெழுகில் முக்கி, அப்புறம் மருந்தில் முக்குவார்கள். கூலி கட்டைக் கணக்குத்தான். கை தானாக ஓடும், மனசுக்கு வேலையே இருக்காது. அந்த நேரத்தில் நான் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சொல்கிற சொலவடை, பக்கத்து வரிசைப் பெண்களின் வசவு, லேபிளில் அச்சடித்திருக்கிற பெயர் என எது காதிலும் கண்ணிலும் பட்டாலும் வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். கவிதை என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

படிப்பு பாதியில் நின்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஊரில் நாலு எழுத்து தெரிந்த பெண் என்று என்னைத் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி தெருவிளக்கடியில் எங்கள் அம்மா வயதுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சூட்டில் பிரைவேட்டாகப் பத்தாவது எழுதித் தேறினேன். பிறகு கல்யாணமாகிக் கோவில்பட்டி டவுனுக்கே வந்தேன். அங்கன்வாடி வேலை கிடைத்தது. சாயங்காலம் நூலகத்துக்குப் போகப் பழகினேன்.

என்னோடு ஒரே ஊரில் எந்தெந்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. இந்த ஊரின் பெருமையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே கிராமத்தில் 1923-இல் பிறந்தவர்கள், இருவருமே சாகித்திய அகாதமி பெற்றவர்கள். கிழக்கே எட்டயபுரம், பாரதி பிறந்த ஊர். டவுனுக்குள்ளே பூமணி இருந்தார். கோணங்கி இங்கிருந்துதான் 'கல்குதிரை' இதழைக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் ச. தமிழ்ச்செல்வன் தபால் துறையில் இருந்தார், உதயசங்கர் ரயில்வேயில். தேவதச்சனுக்கு நகைக்கடை. எண்பதுகளில் இந்த ஊரில் எழுத வந்த பல இளைஞர்களுக்கு அந்த நகைக்கடைதான் பள்ளிக்கூடம். கடையில் பேச ஆரம்பித்து, டீக்கடையில் தொடர்ந்து, காந்தி மைதானத்தில் விடிய விடியப் பேசியதை அவர்களில் சிலர் எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். ஒரு சின்ன ஊரில், பகலெல்லாம் ஏதேதோ வேலை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கவிதை பேசிய மனிதர்கள் அவர்கள்.

எனக்கு அந்த ராத்திரி கிடையாது. பத்து மணிக்கு டீக்கடை வாசலில் நின்று பேச ஒரு பெண்ணால் முடியாது. கைக்குழந்தையோடு மைதானத்தில் போய் உட்கார முடியாது. அவர்கள் யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அரை மைல் தொலைவில் கவிதை பேசிக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்து அப்போது நான் அழுதிருக்கிறேன்.

டீச்சரைச் சந்தித்தது நூலகத்தில்தான். நான் எடுக்கப்போன புத்தகத்தை அவரும் எடுக்க வந்திருந்தார். "நீ முதல்ல படி, பதினைஞ்சு நாள் கழிச்சு எனக்குக் குடு" என்றார். கொடுக்கும்போது, அட்டைக்குள் என் தாள் ஒன்று மறந்துபோய் இருந்திருக்கிறது. அதில் ஒரு கவிதை. அடுத்த வாரம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வா பிள்ள, சாப்பாட்டு வேலையெல்லாம் முடிஞ்சிருக்கும்ல" என்று மட்டும் சொன்னார். இப்படித்தான் 1998-இல் கூட்டம் ஆரம்பித்தது. முதலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அப்புறம் டீச்சர் வீட்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவர் எழுத மாட்டார், ஆனால் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்புறம் ஒரு மில் தொழிலாளி, ஒரு செவிலியர், காலேஜில் படித்த இரண்டு பெண்கள். பெண்களுக்காகவே வைத்த நேரம் அது, ஆண்களும் அதற்கு ஒத்துக்கொண்டு வந்தார்கள்.

டீச்சர் என் தாளை முதல் கூட்டத்தில்தான் வெளியே எடுத்தார். அம்மாவைப் பற்றிப் பதினாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது:

என் தாயின் விரல்கள்
துயரத்தின் தீக்குச்சிகள்
உரசினால் எரியும்
ஊமைக் காவியங்கள்

இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "துயரம்ங்கிற சொல் உங்க வீட்டுல புழங்குதா?"

"இல்ல டீச்சர்."

"காவியம்?"

"இல்ல."

"சரி, அது இருக்கட்டும். உங்கம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்வாங்க?"

"பூக் கட்டுவா. பக்கத்துக் கடைக்குக் கட்டிக் குடுப்பா."

"அப்ப அந்த விரல் எப்படி இருக்கும்? யோசிச்சு வை. அடுத்த வாரம் சொல்லு."

அடுத்த வாரம் சொல்ல முடியவில்லை. கிராமத்துக்குப் போய் அம்மா பூக் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு முன்னால் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒரு பூவை எடுத்து வைப்பதற்கு முன்னால் அவளுடைய சுட்டுவிரல் லேசாக எதையோ தடவிப் பார்த்தது. பட்டையிலே பள்ளம் எங்கே என்று தடவுவது போலவே. நானும் அப்படிச் செய்தவள்தான். என் விரலுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. பதினாலு வரி மூன்று வரி ஆனது:

முல்லை கட்டும்போதும்
அம்மாவின் விரல்
பள்ளம் தேடுகிறது

இதை வாசித்தபோது அண்ணாச்சி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். டீச்சர், "இன்னொரு தடவை" என்றார். அவ்வளவுதான். பாராட்டுச் சொற்களை எங்கள் கூட்டத்தில் சொல்வதில்லை. "அருமை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள் என்பது டீச்சரின் எண்ணம். எழுதியவரும் விளக்கம் சொல்லக் கூடாது, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் புழங்குகிற சொல்லா என்று டீச்சர் கேட்டதற்குப் பின்னால் கி.ரா. இருந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சுச் சொற்களைச் சேகரித்து அவர் ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். நூலகத்தில் அதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அம்மா பேசுகிற சொற்கள் அகராதி என்கிற பெயரில் அச்சில் இருந்தன. அதுவரைக்கும் கவிதை எழுத உட்கார்ந்தால் நான் பேசுகிற தமிழை வாசலில் செருப்பு மாதிரிக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிச் செய்ய வேண்டியதில்லை என்று அந்தப் புத்தகம் எனக்குச் சொன்னது.

டிசம்பர் 11-ஆம் தேதி பாரதி பிறந்தநாள். முடிந்த வருஷமெல்லாம் பஸ் ஏறி எட்டயபுரம் போவோம். அவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு மணிமண்டபத்துக்குப் போவோம். கல்கி முயற்சி எடுத்து, ஜனங்களிடம் பணம் திரட்டி, 1947-இல் எழும்பிய மண்டபம் அது. ஒரு கவிஞனுக்கு ஜனங்கள் காசு போட்டுக் கட்டிய கட்டடம் என்பதனாலேயே எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கும். மேடைப் பேச்சுகள் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நாங்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கவிதை வாசிப்போம். அண்ணாச்சி கடலைமிட்டாய் வாங்கி வருவார்.

புத்தகக் கதையைச் சொல்ல வேண்டும். 2009-இல் என் தொகுப்பு வந்தது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். கையில் இருந்த பணமும் ஒரு வளையலை அடகு வைத்த பணமும் சேர்த்து அனுப்பினேன். முந்நூறு பிரதி என்றார்கள், இருநூறுதான் வந்தது. மீதியைக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. புத்தகக் கட்டைப் பிரித்து முதல் பிரதியை எடுத்துத் திறந்தேன். அம்மா கவிதை இருந்த பக்கத்தில் இரண்டு வரிதான் இருந்தது. 'முல்லை கட்டும்போதும் / அம்மாவின் விரல்'. அதோடு முடிந்துவிட்டது. கடைசி வரி அச்சில் விழவில்லை. இருநூறு பிரதியிலும் இல்லை.

அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் கடையில் பரோட்டா வாங்கி வந்தார். கட்டை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். யாரிடமும் காட்டப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் போகவில்லை. நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர், அண்ணாச்சி, செவிலியர் அக்கா, மில் அண்ணன், காலேஜ் பிள்ளைகளில் ஒருத்தி. டீச்சர் நேரே உள்ளே வந்து, "எங்க இருக்கு?" என்றார். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி அண்ணாச்சியே கட்டை இழுத்து வெளியே போட்டார். பையிலிருந்து ஆறு கறுப்பு மசிப் பேனாவை டீச்சர் எடுத்தார். தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவர் பக்கத்தைத் திறந்து கொடுக்க, ஒருவர் எழுத, ஒருவர் மசி காயும்வரை விரித்து அடுக்க. 'பள்ளம் தேடுகிறது', 'பள்ளம் தேடுகிறது' என்று இருநூறு தடவை. ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற வரிசை மாதிரியே வீடு ஆகிவிட்டது. என் அம்மா அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது, அறிவொளியில் நான் சொல்லிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போடுவாள். காய்ந்த பிரதிகளை அவள்தான் எடுத்துப் பத்துப் பத்தாக அடுக்கினாள். தன்னைப் பற்றிய வரியைத்தான் இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று செவிலியர் அக்கா அவளிடம் சொன்னார். அம்மா தன் சுட்டுவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், அப்புறம் அடுக்குவதைத் தொடர்ந்தாள்.

ராத்திரி எட்டு மணிக்கு முடிந்தது. டீச்சரின் எழுத்து கரும்பலகை எழுத்து, உருண்டையாக இருக்கும். அண்ணாச்சியின் எழுத்து அளவுநோட்டில் எழுதுவது போல ஒட்டி ஒட்டி இருக்கும். மில் அண்ணன் 'தே'யின் கொம்பை நீளமாக இழுப்பார். அந்தப் புத்தகம் உங்களில் யாரிடமாவது இருந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசி வரி யாருடைய கை என்று என்னால் சொல்ல முடியும்.

கவிதை எழுதுகிறவர் தனியாக உட்கார்ந்துதான் எழுதுகிறார், சந்தேகமில்லை. நானும் அதிகாலை நாலு மணிக்குத் தனியாகத்தான் எழுதுகிறேன். ஆபீஸ் பஸ் வந்த நேரத்துக்கு உடம்பு இன்றைக்கும் விழித்துக்கொள்கிறது. ஆனால் எழுதும்போதே, ஞாயிற்றுக்கிழமை இந்த ஆறு பேர் முன்னால் இதை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்கிற நினைப்பு எனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொய்யான ஒரு வரியை அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே வாசிக்க முடியாது. நாலைந்து பேராவது இப்படிக் கேட்க இல்லையென்றால், அந்தப் பதினாலு வரியையே இன்றைக்கு வரைக்கும் வேறு வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

கூட்டம் எப்போதும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் நூலகத்து அறையில் நடத்தினோம். வீட்டு வரியோடு நூலகத்துக்கும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், அங்கே உட்கார நமக்கு உரிமை இருக்கிறது என்று மில் அண்ணன் வாதாடி வாங்கிய இடம். பிறகு அது போயிற்று, மறுபடி மொட்டை மாடிக்கே வந்தோம். இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்து ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தார்கள், ஆனால் கூட்டத்துக்கு மட்டும் இருவருமே வந்தார்கள். 2021 மே மாதம் கி.ரா. புதுச்சேரியில் காலமாகி, இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தபோது, இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஊரடங்கினால் நாங்கள் போக முடியவில்லை. அந்த ஞாயிறு போனிலேயே கூடினோம். ஆளுக்கு ஒரு பக்கமாக அவரை வாசித்தோம். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு வலது காதோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார். நடு ராத்திரி வரை போயிற்று. அந்த ஒரு நாள் எனக்கும் ராத்திரிக் கூட்டம் கிடைத்தது.

அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. பதினாலு வருஷத்துக்குப் பிறகு ஏறிய விலை. மூலப்பொருள் விலையேற்றத்தில் சின்ன ஆபீஸ்கள் பல மூடிக்கொண்டிருந்த நேரம் அது. இப்போது லைட்டர் வேறு. அடுக்குகிற கைகள் குறைந்துவிட்டன. சின்னப் பிள்ளைகள் யாரும் இருட்டில் பஸ் ஏற வேண்டாம் என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்லி முடியாது. ஆனாலும் அந்த வேலையின் சொற்கள் என்னோடு போய்விடக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை. கேள்வி கேட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிற இடத்தில் வேலை. அறுநூறு பெட்டி ஒரு பண்டல். போனில் எழுதி வைத்திருந்ததை டீச்சருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து வாசித்தாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது, தெருமுனை நாய் தன்னிடம் மட்டும் குரைப்பதில்லை என்று ஒரு கவிதை. தன்மேல் இருக்கிற மருந்து வாசனை அதற்குப் பழகிவிட்டது என்று முடிந்தது. நடுவில் ஓர் இடத்தில் 'என் விதியின் வீதியில்' என்று ஒரு வரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, ஆனால் பேசவில்லை.

டீச்சர், "இன்னொரு தடவை" என்றார்.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. தப்பாக வாசித்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். "இங்க எல்லாருமே ரெண்டு தடவைதாம்மா. வாசி" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக, மெதுவாக வாசித்தாள். அந்த வரி வந்த இடத்தில் ஒரு நொடி நின்றாள். பிறகு அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டிருந்தது.